அடுத்த படி எந்த ஊரில்? திருகோணமலையும் உலக வணிகமும்

இலங்கையில் கோதுமை வணிகப் பயிராக விளைவதில்லை. ஆனாலும், ஒரே இடத்தில் அமைந்த மாவாலைகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்தின் சீனக்குடாவில் நிற்கிறது. சிங்கப்பூரின் பிறீமா குழுமத்தோடு இலங்கை அரசு 1977இல் ஒப்பந்தம் செய்தது. 1980இல் ஆலை இயங்கத் தொடங்கியது. தொடக்க ஏற்பாடு எளிமையானது. கோதுமையை அரசு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து கொடுக்கும். ஆலை அரைத்து மாவைத் திருப்பிக் கொடுக்கும். தவிடும் மற்ற உபபொருள்களும் அரைப்புக் கூலியாக ஆலையிடமே தங்கும். அந்தத் தவிடு கால்நடைத் தீவனமாக மறுபடி கப்பலேறியது. 2001இல் ஆலை முழுமையாக அந்நிறுவனத்தின் உடைமையானது.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு மனமில்லை. அதற்கு முன் இலங்கை கோதுமை மாவின் பெரும்பகுதியை மாவாகவே இறக்குமதி செய்தது. அரைக்கும் வேலையேனும் தீவுக்குள் வந்தது. அட்டனில் லயத்து அடுப்பில் சுடும் ரொட்டிக்கும், கொழும்புப் பேக்கரியின் பாணுக்கும், மட்டக்களப்புக் கடையில் மாலையில் கொத்தும் பரோட்டாவுக்கும் நெடுங்காலம் மா இந்தக் குடாவின் வழியாகவே போனது. வெப்ப நாட்டில் கோதுமையை வலிந்து விளைவிக்க முனைந்திருந்தால் ஏழை வீட்டின் பாண் பல மடங்கு விலையாகியிருக்கும். உலக வணிகம் தரும் நன்மைக்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேடத் தேவையில்லை.

அந்த நன்மையைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் டேவிட் ரிக்கார்டோ. 1817இல் வெளிவந்த அவருடைய நூலில் இரண்டு நாடுகளும் இரண்டு பொருள்களும் மட்டும் வருகின்றன. ஓராண்டுக்குரிய துணியை நெய்ய இங்கிலாந்தில் 100 பேர் வேண்டும். அதற்கு ஈடான வைனைச் செய்ய 120 பேர் வேண்டும். போர்த்துக்கல்லில் துணிக்கு 90 பேரும் வைனுக்கு 80 பேரும் போதும். இரண்டு வேலையிலும் போர்த்துக்கல்லின் கையே ஓங்கியிருக்கிறது. இருந்தும் அது வைனை மட்டும் செய்து, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால், 90 பேரின் உழைப்பில் கிடைத்த துணி 80 பேரின் உழைப்பிலேயே கிடைத்துவிடும். இங்கிலாந்துக்கோ 120 பேரின் வேலை 100 பேரோடு முடியும். இலங்கையின் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒப்பீட்டு நன்மை என்றும் சிறப்புத்தேர்ச்சி என்றும் படிப்பது இதைத்தான். கணக்கில் பிழையில்லை. இருநூறு ஆண்டுகளாக அதை உடைக்க முயன்றவர்கள் பலர், உடைத்தவர் எவருமில்லை.

ஆனால் கணக்குக்கு அடியில் சில நிபந்தனைகள் கிடக்கின்றன. துணி நெய்தவர் மறுநாள் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று அது கொள்கிறது. முதலாளியின் பணம் நாட்டெல்லையைத் தாண்டாது என்றும் கொள்கிறது. எந்த நாட்டுக்கு எதில் திறமை என்பது முன்கூட்டியே தீர்ந்துபோன செய்தி என்றும் எடுத்துக்கொள்கிறது. ரிக்கார்டோ எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. 1703இல் இங்கிலாந்தும் போர்த்துக்கல்லும் செய்துகொண்ட மெதுவென் உடன்படிக்கை ஆங்கிலத் துணிக்குப் போர்த்துக்கல் சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. ஆங்கிலக் கடற்படையின் பாதுகாப்பு போர்த்துக்கல்லுக்குத் தேவைப்பட்ட காலம் அது. யார் வைன் செய்வது, யார் துணி நெய்வது என்பதைத் தட்பவெப்பத்தோடு சேர்ந்து பீரங்கியும் முடிவு செய்தது. திருகோணமலை மாவட்டத்தைப் பார்க்கும்போது இந்த நிபந்தனைகள் உடைவதைக் காணலாம். திறமை முன்கூட்டியே தீர்ந்துபோனது என்ற கடைசி நிபந்தனையிலிருந்தே தொடங்குகிறேன்.

இயற்கை தந்த நன்மைதான் வணிகத்தைத் தீர்மானிக்கும் என்றால் இலங்கையின் தலைமைத் துறைமுகம் திருகோணமலையாக இருந்திருக்க வேண்டும். மலைக்குன்றுகள் சூழ்ந்த ஆழமான உள்குடா. எந்தப் பருவக்காற்றிலும் கப்பல் பாதுகாப்பாக நிற்கலாம். பாய்மரக் காலத்தில் ஒக்டோபர் முதல் சனவரி வரை சோழமண்டலக் கரையில் நங்கூரமிடுவது உயிரோடு விளையாடுவது. சென்னைக்கு அப்போது கட்டிய துறைமுகமே இல்லை. வங்காள விரிகுடாவின் மேற்கில் வடகீழ்ப் பருவக்காற்றுக்குத் தப்பி ஒரு கடற்படை ஒதுங்கக்கூடிய இடம் இது ஒன்றே. அதனால்தான் 1782இல் பிரித்தானியர் பிடித்ததைப் பிரெஞ்சுத் தளபதி சப்ரன் அதே ஆண்டில் பறித்தார். 1795இல் பிரித்தானியர் மறுபடி வந்து நிலைத்தார்கள்.

அவர்கள் இந்தத் துறைமுகத்துக்குக் கொடுத்த சிறப்புத்தேர்ச்சி போர். வணிகத்துக்கு அவர்கள் தெரிந்துகொண்டது கொழும்பு. அங்கே இயற்கைத் துறைமுகமென்று சொல்ல ஒன்றுமில்லை. 1867இல் கண்டிக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தது. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி 1885இல் முடித்தார்கள். கோப்பியும் பிறகு தேயிலையும் மலையிலிருந்து மேற்கே இறங்கின. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927இல், கண்டிக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. அதே காலத்தில் சீனக்குடாவில் கட்டப்பட்டவை கடற்படைக்கு எண்ணெய் வைக்கும் பெருந்தாங்கிகள். சிறந்த துறைமுகம் சரக்கில்லாமல் கிடக்க, கல்லால் கட்டிய துறைமுகம் ஆசியாவின் பெரிய சந்தியாக வளர்ந்தது. நன்மை என்று நாம் சொல்வதன் பெரும்பங்கு கட்டி எழுப்பப்படுவது. எங்கே கட்டுவது என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் நூறு ஆண்டுகளுக்கு ஒரு மாவட்டத்தின் கூலியை நிர்ணயிக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் தீர்மானத்தை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 1950களில் வடக்கிலும் கிழக்கிலும் அரசு நிறுவிய தொழிற்சாலைகளை நினைவுபடுத்திக்கொள்வது பயன் தரும். காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் காகிதம், கந்தளாயில் சீனி, புல்மோட்டையில் கனிய மணல். இறக்குமதிக்குப் பதிலாக உள்நாட்டில் செய்வது என்ற கொள்கையின் பிள்ளைகள் அவை. எல்லாம் திறமையாக நடந்தன என்று நான் வாதிடவில்லை. அரசியல் நியமனங்களும் நட்டங்களும் இருந்தன. ஆனால் அவற்றுக்குள் ஒரு தொடர்ச்சி இருந்தது. ஒன்றின் விளைபொருள் இன்னொன்றுக்கு மூலப்பொருளாகலாம். அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1958இல் இதைப் பின்னோக்கிய இணைப்பு, முன்னோக்கிய இணைப்பு என்று விளக்கினார். ஒரு தொழில் தனக்கு முந்திய படியையும் பிந்திய படியையும் தன் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும்போதுதான் ஊர் வளர்கிறது என்பது அவர் கருத்து. திருகோணமலையைப் புரிந்துகொள்ள ரிக்கார்டோவைவிட இவர் எனக்குக் கூடுதலாக உதவினார்.

சீமெந்தைப் பாருங்கள். காங்கேசன்துறையில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைத் தோண்டிச் சூளையிலிட்டு, அரைத்து, பையில் கட்டும் வரை எல்லாப் படியும் ஓரிடத்தில் நடந்தது. போரினால் 1990இல் அது நின்றது. திருகோணமலையில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இயங்கும் டோக்கியோ சீமெந்து ஆலை வேறு வகை. யப்பானியக் கூட்டுடன் தொடங்கிய அந்த ஆலைக்குச் சூளையில் வெந்த கிளிங்கர் கப்பலில் வருகிறது. இங்கே நடப்பது அரைப்பதும் கலப்பதும். உலகச் சந்தையின் கணக்கில் இது சரி. மலிவாகச் சுட்ட கிளிங்கரை ஆழ்கடல் துறைமுகத்தில் இறக்குவதே சிக்கனம். ஆயினும் அந்த ஆலை பிற்காலத்தில் உமியையும் விறகையும் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தை அமைத்தபோது நெல்லாலைகளின் உமிக்கும் வேலியோர மரத்துக்கும் ஒரு விலை வந்தது. சிறிய இணைப்புத்தான். அப்படிப்பட்டவை பத்து இருந்தால் மாவட்டத்தின் முகம் மாறும்.

இனி புல்மோட்டை. இந்த மாவட்டத்தின் முழுக் கதையும் அந்தக் கரையின் கறுப்பு மணலில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாவட்டத்தின் வட எல்லையில், கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, சில கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தக் கரை கிடக்கிறது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் இத்தனை செறிவாகச் சேர்ந்த கடற்கரைகள் உலகில் மிகச் சில. பருவக்காற்று அலைகள் புதிய மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதன் சிறப்பு. கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் நிறுவப்பட்டது. மணலை அள்ளி, கழுவி, உலர்த்தி, காந்தத்தால் இல்மனைட்டைப் பிரித்தெடுத்து, குவியலாகக் கப்பலில் ஏற்றினார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்தும் அடிப்படையில் அதுவே நடக்கிறது. இடையில் போர் அதையும் நிறுத்தியது. 1996இலும் 1997இலும் கனிமம் ஏற்ற வந்த கப்பல்கள் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டன. அதன் பிறகு ஏற்றுமதி நெடுநாள் முடங்கியது.

இல்மனைட்டில் பாதிக்குச் சற்று மேலான பங்கு டைட்டேனியம் டயொக்சைட். அதைப் பிரித்துத் தூய்மையாக்கினால் கிடைப்பது வெண்ணிறமி. நாம் சுவருக்குப் பூசும் பெயின்ற்றிலிருந்து காகிதம், பிளாஸ்ரிக், மாத்திரையின் மேற்பூச்சு வரை வெள்ளை தெரியும் இடமெல்லாம் அது இருக்கிறது. கறுப்பு மணலுக்கும் வெள்ளை நிறமிக்கும் இடையில் விலை பல மடங்கு ஏறுகிறது. ஏறும் அந்த விலையில்தான் இரசாயனவியலாளரின் சம்பளம், இயந்திரம் திருத்துபவரின் சம்பளம், ஆய்வுகூடம், காப்புரிமை எல்லாம் அடங்கியிருக்கின்றன. இலங்கை மணலை விற்கிறது. இலங்கையின் பெயின்ற் கொம்பனிகள் நிறமியை வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன.

இதே மணல் கடலுக்கு அப்பாலும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் அலைகள் இதே கனிமங்களைக் கரையில் சேர்க்கின்றன. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை ஷோம்பேர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டார். அதன் பின் அங்கும் முதலில் நடந்தது மணல் ஏற்றுமதிதான். ஆனால் 1946இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டேனியம் நிறுவனம் பிரித்தானியத் தொழில்நுட்பக் கூட்டுடன் உருவானது. சில ஆண்டுகளில் அங்கே நிறமி உற்பத்தி தொடங்கியது. மோனசைட்டைப் பதப்படுத்த 1950இல் இந்திய அருமண் நிறுவனம் அமைக்கப்பட்டு, 1952இல் ஆலுவாவில் ஆலை திறந்தது. 1980களில் சவறாவில், கேரள அரசின் நிறுவனம் குளோரைட் முறையில் நிறமி செய்யத் தொடங்கியது. இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் அரசு பணம் போட்டது, நட்டத்தைப் பொறுத்தது, ஆட்களைப் பயிற்றியது.

கேரளத்தின் கதையைப் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. திருவனந்தபுரத்து ஆலையின் அமிலக் கழிவு வேளிக் கடலில் கலந்ததை எதிர்த்து மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சவறாவைச் சுற்றி நிலத்தடி நீர் கெட்டது. அடுத்த படி என்பது அழுக்கும் கொண்டது. புல்மோட்டையில் நிறமி ஆலை வந்திருந்தால் கொக்கிளாய்க் களப்பின் இறாலும் மீனும் எந்தக் கதியாகியிருக்கும் என்ற கேள்வியைக் கடலோர மக்கள் கேட்டே ஆகவேண்டும். ஆனால் அது அவர்கள் முன் வைக்கப்பட்டு, அவர்கள் விவாதித்து, வேண்டாம் என்று முடிவெடுத்த விடயம் அல்ல. குளோரைட் முறைக்குக் குளோரின் வேண்டும். பரந்தனில் உப்பிலிருந்து குளோரின் செய்த ஆலை இருந்தது. ஆனையிறவில் உப்பு இருந்தது. புல்மோட்டையில் மணல் இருந்தது. மூன்றையும் கோத்து ஒரு தொழிலாக எண்ணிப் பார்க்க நாட்டுக்கு அமைதியான இருபது ஆண்டுகள் கிடைக்கவில்லை. 1977இல் சந்தை திறந்தது. 1983இல் போர் வந்தது.

இலங்கைப் பொருளியலாளர் எஸ்.பி.டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட நூலில் குறைவிருத்தியைப் பற்றி ஒரு கருத்தை விடாப்பிடியாக நிறுவினார். வாங்கி விற்பதில் இலாபம் காணும் வணிக மூலதனம் உற்பத்தி முறையை மாற்ற அக்கறை காட்டாது என்பது அதன் சாரம். தோட்டப் பொருளாதாரத்தை வைத்து அவர் எழுதியது இல்மனைட் குவியலுக்கும் பொருந்துகிறது. கேள்விப்பத்திரம் கோரி, விலை பேசி, கப்பலில் ஏற்றி, காசோலை வாங்குவதோடு ஒரு நிறுவனத்தின் அறிவு நின்றுபோனால், எழுபதாவது ஆண்டிலும் அது மணல்தான் விற்கும். மூலப்பொருள் விற்கும் நாடுகளுக்கு வணிக விகிதம் காலப்போக்கில் பாதகமாகச் சாய்கிறது என்று ராவுல் பிரேபிஷும் ஹான்ஸ் சிங்கரும் 1950இல் தனித்தனியே எழுதினார்கள். பிரேபிஷ் முதல் தலைவராக இருந்த, ஐ.நா.வின் வணிக, அபிவிருத்தி அமைப்பான அன்க்டாட்டை 1974 முதல் 1984 வரை வழிநடத்தியவர் இலங்கையரான கமனி கொரயா. மூலப்பொருள்களின் விலையை நிலைப்படுத்த உலக நிதியம் ஒன்றுக்காக அவர் பாடுபட்ட அதே ஆண்டுகளில் அவருடைய சொந்த நாட்டின் கனிம மணல் பதப்படாமலே ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது. அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. விலையை மட்டும் திருத்தினால் போதாது, வேலையின் படியே மாறவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாடுகளைப் பற்றிய பேச்சு இங்கே நிற்கட்டும். தொழிலாளியின் நிலைக்கு வருகிறேன்.

கந்தளாய்ச் சீனி ஆலை 1960இல் இயங்கத் தொடங்கி 1993இல் மூடப்பட்டது. குளத்து நீரில் கரும்பு வளர்த்தவர், வெட்டியவர், ஏற்றியவர், ஆலையில் காய்ச்சியவர் என்று ஒரு வட்டாரமே அதைச் சுற்றி வாழ்ந்தது. வெளிநாட்டுச் சீனி மலிவு. அதை வாங்கியதால் நாட்டின் ஒவ்வொரு தேநீர்க் கோப்பையிலும் சில சதங்கள் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம் கோடிக்கணக்கான வீடுகளில் சிதறிப்போய் எவர் கண்ணிலும் படவில்லை. இழப்பு ஓர் ஊரில் குவிந்தது. ரிக்கார்டோவின் கணக்குப்படி கரும்பு வெட்டியவர் வேறு தொழிலுக்குப் போயிருக்க வேண்டும். எந்தத் தொழிலுக்கு? சீனக்குடாவின் மாவாலை கோதுமையைக் குழாயால் உறிஞ்சி இறக்குகிறது. முப்பது கிலோமீற்றருக்கும் மேல் தள்ளியிருந்த கந்தளாய்த் தொழிலாளிக்கு அங்கே கதவு திறக்கவில்லை. போர்க்காலத்தில் அந்த வீதியில் பயணமே ஆபத்தானது. இப்படி இடம்விட்டு நகர முடியாமல் தொழிலாளர் சிக்கிக்கொள்வது வறிய நாடுகளின் குறை மட்டுமன்று. சீன இறக்குமதியால் அடிபட்ட அமெரிக்க ஊர்களைப் பற்றி டேவிட் ஓட்டரும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. வேலை போன ஊரில் கூலியும் வேலைவாய்ப்பும் ஆண்டுக்கணக்கில் மீளவில்லை. மக்கள் பாடநூல் சொன்ன வேகத்தில் இடம்பெயரவில்லை.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயச் செய்கையாளர் இதை ஒவ்வொரு போகத்திலும் சந்திக்கிறார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்பட்டிருந்தபோது வடகிழக்கின் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின. நகரத்தில் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றதும் அதே ஆண்டுகள்தான், அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சந்தை திறந்த பிறகு இந்தியாவின் பம்பாய் வெங்காயம் விலையை இழுத்துப் பிடித்தது. இப்போது அரசு அறுவடைக் காலத்தில் இறக்குமதிக்கான விசேட பண்ட அறவீட்டை ஏற்றுவதும் விலை கூடினால் இறக்குவதுமாக இருக்கிறது. 2023 டிசெம்பரில் இந்தியா தன் மக்களுக்காக வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இலங்கையில் விலை எகிறியது. செய்கையாளர் எந்த விலையை நம்பி விதை வெங்காயம் வாங்குவார்? வணிகத்தில் வெல்பவர் தோற்பவருக்கு ஈடுசெய்யலாம் என்று பொருளியல் நூல்கள் சொல்கின்றன. செய்யலாம் என்பது செய்யப்பட்டது ஆகாது. கந்தளாயிலோ குச்சவெளியிலோ அந்த ஈடு ஒரு திட்டமாக வந்து சேரவில்லை.

தொழிலுக்குத் தொழில் மாற முடியாதவர்கள் நாடுவிட்டு நாடு போனார்கள். ரிக்கார்டோவின் கணக்கில் துணியும் வைனும் கடல் கடந்தன, மனிதர் ஊரில் இருந்தார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் தோப்பூரிலும் கடல் கடந்தவர்கள் பெண்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. உழைப்பை ஏற்றுமதி செய்வது அன்றிலிருந்து அரசுக் கொள்கை. 2024இல் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 6.6 பில்லியன் டொலர். தேயிலை ஏற்றுமதியால் கிடைத்த வருமானத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல். ஆக, இலங்கை எதில் சிறப்புத்தேர்ச்சி பெற்ற நாடு என்று கேட்டால் நேர்மையான பதில், தன் மக்களை அனுப்புவதில் என்பதே. கோதுமைக் கப்பலுக்கும் கிளிங்கர் கப்பலுக்கும் எண்ணெய்க் கப்பலுக்கும் கொடுக்கும் டொலரில் பெரும்பங்கு அவர்களுடையது. மூதூரில் ஒரு வீட்டின் சுவர் எழுவதும், ஒரு தம்பி உயர்தரம் படிப்பதும், ஒரு தங்கையின் கல்யாணம் நடப்பதும் அந்தப் பணத்தில்தான். அதைச் சிறுமைப்படுத்தி எழுத எவருக்கும் உரிமையில்லை.

ரிசானா நபீக் மூதூரைச் சேர்ந்தவர். 2005 மே மாதத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா போனபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். சில வாரங்களுக்குள், அவர் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. குழந்தை வளர்ப்பு அவர் பயின்ற வேலையில்லை. வழக்கறிஞர் இல்லாமலே வாக்குமூலம் வாங்கப்பட்டது. 2007இல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 சனவரி 9 அன்று அதை நிறைவேற்றினார்கள். ஒரு கிராமத்துப் பிள்ளையைக் கூலிக்கு அனுப்பும் வணிகத்தில் முகவர் இருந்தார், உப முகவர் இருந்தார், பயணச்சீட்டு இருந்தது, தரகுப் பணம் இருந்தது. அவருடைய மொழியில் அவருக்காகப் பேச வேண்டிய நேரத்தில் எவரும் இருக்கவில்லை.

அவருடைய மரணத்துக்குப் பிறகு சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்த வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. 2022 யூனில், டொலர் தீர்ந்து நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த இரண்டு மாதங்களில், அதை 21 ஆகக் குறைத்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கு இடையில் தொழிலாளியைப் பற்றிய நம் கொள்கை முழுவதும் தெரிகிறது. பெறும் நாட்டின் பக்கத்திலும் நிலை பெரிதாக வேறில்லை. 2021இல் சவூதி அரேபியா தொழிலாளர் வேலை மாறும் உரிமையைத் தளர்த்தியபோது வீட்டுப் பணியாளரை அந்தச் சீர்திருத்தத்துக்கு வெளியே நிறுத்தியது. பொருளுக்குத் தரக்கட்டுப்பாடும் உடன்படிக்கையும் தீர்ப்பாயமும் உலக வணிகத்தில் உண்டு. பணிப்பெண்ணுக்கு இருப்பது தூதரகத்தின் தொலைபேசி இலக்கம்.

போரின் பின் கிழக்குக்கு வந்த ஆடைத் தொழிற்சாலைகள் வேறொரு வாசலைத் திறந்தன. ஊரில் இருந்தபடியே மாதச் சம்பளம் கிடைத்தது, அது நல்லது. ஆனால் அந்தத் தொழிலின் அடித்தளமும் வெளியாரின் விதிகள்தான். 1974 முதல் 2004 வரை இருந்த உலக ஆடை ஒதுக்கீட்டு முறை இலங்கைக்குக் கொள்வனவுக் கட்டளைகளைக் கொண்டுவந்தது. பிறகு ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை 2010இல் போய் 2017இல் திரும்பியது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீதத் தீர்வையை அறிவித்து, பேச்சுக்குப் பின் ஓகஸ்டில் 20இல் நிறுத்தியது. தையல் இயந்திரத்தின் முன் இருப்பவருடைய திறமை இந்த மாதங்களில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சிறிய நாடு பேரம் பேசவே முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1952இல் அமெரிக்காவின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் இலங்கை சீனாவோடு இறப்பர்-அரிசி உடன்படிக்கை செய்தது. சந்தை விலைக்குக் கூடுதலாக இறப்பரை விற்று, மலிவாக அரிசியைப் பெற்றது. தன் கையில் இருப்பது யாருக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்தவர்கள் அன்று மேசையில் இருந்தார்கள்.

இன்று திருகோணமலையின் கையில் இருப்பவை எவை? சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கிய இடம் அது. 1987 இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறிய கடிதங்களிலும் அவை இடம்பெற்றன. 2022 சனவரியில் அவற்றைப் பங்கிட்டார்கள்: 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, அதில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு 49. எஞ்சியவற்றில் 24 கூட்டுத்தாபனத்துக்கும் 14 லங்கா ஐஓசிக்கும். 2025 ஏப்ரல் 5இல் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையை வலுசக்தி மையமாக்கப் புரிந்துணர்வில் ஒப்பமிட்டன. அதே நாளில் சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

சம்பூர் மக்கள் இதற்கு முன்னும் பெருந்திட்டங்களைப் பார்த்தவர்கள். 2006இல் எறிகணைக்குத் தப்பி ஓடினார்கள். திரும்பி வர முடியாதபடி அவர்களுடைய காணி கைத்தொழில் வலயம் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் அதை இரத்துச் செய்து 818 ஏக்கரை விடுவிக்க நேர்ந்தது. அங்கே வரவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. சூரிய மின்சாரம் நிலக்கரியைவிட எவ்வளவோ மேல், அதில் ஐயமில்லை. ஆனால் பலகைகளைப் பொருத்தி முடித்த பின் அப்படிப்பட்ட நிலையத்தில் வேலை செய்பவர் தொகை மிகச் சிறியது. எண்ணெய்த் தாங்கியும் அப்படித்தான். வந்ததை வைத்திருந்து போகவிடும் தொழில் அது. மாவு, கிளிங்கர், இல்மனைட் வரிசையில் இன்னொரு படி மட்டும் இங்கே சேரப்போகிறது என்றால் மூதூர்ப் பெண்ணின் பயணம் நிற்காது.

ஒப்பந்தம் எழுதப்படும்போதே கேட்க வேண்டியவை உண்டு. சூரியப் பலகையின் சட்டமும் தாங்கு கம்பியும் கம்பி வடமும் செய்யும் பட்டறை மாவட்டத்தில் வருமா? தாங்கிகளைப் பழுதுபார்க்கும் வெல்டர்களை இங்கேயே பயிற்றிச் சான்றிதழ் கொடுப்பார்களா? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கத்தில் இருக்கிறது. புல்மோட்டை மணலைப் பற்றிய ஓர் ஆய்வுகூடத்தை அங்கே நிறுவ இல்மனைட் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கச் சட்டம் செய்ய முடியும். இவை எவையும் உலக வணிகத்துக்கு எதிரான கோரிக்கைகள் அல்ல. திருவிதாங்கூர் 1946இல் கேட்டதையும் சிங்கப்பூர் எப்போதும் கேட்பதையும் கேட்பதுதான்.

கேட்பது யார் என்பதில்தான் சிக்கல். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். அதன் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. வலுசக்தி மையத்துக்கு ஒப்பமிட்ட நாளில் கிழக்குக்கு ஓர் ஆளுநர் இருந்தார், தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. புதுடில்லியும் அபுதாபியும் கொழும்பும் அமர்ந்த மேசையில் மாவட்டத்துக்காக வெல்டர் பயிற்சியையும் ஆய்வுகூடத்தையும் கேட்கப் பொறுப்புள்ள நாற்காலி ஏழு ஆண்டுகளுக்கு மேலாக வெறுமையாக இருந்தது. அந்தத் தேர்தலை நடத்துவது திருகோணமலையின் வணிகக் கொள்கையில் முதல் வேலை.